கோபுர விளக்கும் மலைக்குஞ்சும்: ரீயூனியன் கோயில் குழுவுக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இது: "காரைக்காலிலிருந்து வந்து இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், சேன் லூயி என்ற ஊரில் குடியிருக்கிறோம். கோயில் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். சித்திரை வருடப்பிறப்புக்குக் கோபுரத்துக்கு சீரியல் செட்டும் ஃபோகஸ் லைட்டும் போடுவது வழக்கம். ஏப்ரலில் பறவைகள் விழுகின்றன, அணைத்து வையுங்கள் என்று நகராட்சியில் சொல்கிறார்கள். 'காட்டை அழித்தது துரைமார்கள், இருட்டில் நிற்க வேண்டியது நாமா?' என்று எங்கள் இளைஞர்கள் கேட்கிறார்கள். விழுந்த பறவையை என்ன செய்ய வேண்டும்? விளக்கு விஷயத்தில் என்ன முடிவெடுக்கலாம்?"

வணக்கம். பறவையை முதலில் பார்த்துவிடலாம், அதற்குத்தான் அவசரம்.

ஏப்ரலில் உங்கள் பக்கம் விழுபவை பெரும்பாலும் பராவு பெட்ரெல் என்ற கடற்பறவையின் இளங்குஞ்சுகள். தீவின் பேச்சுமொழியான கிரியோலில் தாய்-வான் என்பார்கள். பிதோன் தெ நேஜ், கிரான் பெனார் மலைகளில் 2,000 மீட்டருக்கு மேலே, புதர் மண்டிய சரிவுகளில் வளை தோண்டி ஜோடிக்கு ஒரே ஒரு முட்டை இடுகிறது. செப்டம்பர் வாக்கில் வந்து சேரும், நவம்பரை ஒட்டி முட்டை, ஏப்ரலில் குஞ்சு வளையை விட்டு வெளியேறும். வெளியேறுவது பொழுது சாய்ந்த பிறகு. போவது நேராகக் கடலுக்கு. தாயோ தந்தையோ வழிகாட்ட வருவதில்லை.

தலையிலிருந்து வால்வரை சுமார் 40 செ.மீ., விரித்த சிறகு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, எடை சுமார் 400 கிராம். மேல்பக்கம் சாம்பல், வயிறும் நெற்றியும் வெள்ளை, நுனி வளைந்த கறுப்பு அலகு, அலகின் மேல் குழாய் போன்ற மூக்குத்துளை. கழுத்திலோ வயிற்றிலோ பஞ்சுபோல் இளஞ்சாம்பல் தூவி ஒட்டியிருந்தால் அது நோய் இல்லை, குஞ்சுப் பருவத்தின் மிச்சம். இதைவிடச் சிறிதாக, மேலே கறுப்பும் கீழே வெள்ளையுமாக இருந்தால் வேறொரு கடற்பறவை. அதுவும் இதே போல வெளிச்சத்தில் விழுவதுதான், அதுவும் வருடம் முழுக்க. இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றே.

அது பறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இறக்கை முறிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. கால்கள் உடலின் பின்பகுதியில் இருக்கின்றன, பலவீனமானவை. சரிவின் விளிம்பிலிருந்து காற்றில் சாய்ந்து கிளம்பும் உடலமைப்பு அதற்கு. சுவரும் வண்டியும் மின்கம்பியும் சூழ்ந்த சமதளத்திலிருந்து எழும்ப முடியாது. அதனால் இருட்டான மூலை தேடி வண்டிக்கு அடியிலும் செடிக்கு அடியிலும் ஒதுங்கும். அங்கே நாய், பூனை, சக்கரம், மறுநாள் வெயில் என்று ஏதாவது ஒன்று முடித்துவிடும்.

பிடிக்கும் முறை: பக்கத்து விளக்கை முதலில் அணையுங்கள். பழைய துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு பின்புறமாகப் போய் முழுதாக மூடுங்கள். இரண்டு சிறகும் உடலோடு ஒட்டியிருக்கும்படி இரண்டு கைகளால் பிடித்துத் தூக்குங்கள். கொத்தும், வலிக்குமே தவிர ஆபத்தில்லை. பயத்தில் மீன்வாடை அடிக்கும் எண்ணெயைக் கக்கலாம், ஆகவே அலகை உங்கள் முகத்திலிருந்தும் அதன் சொந்த இறகிலிருந்தும் விலக்கிப் பிடியுங்கள். அந்த எண்ணெய் இறகில் பட்டால் தண்ணீர் ஒட்டாத தன்மை கெடும்.

அட்டைப்பெட்டி போதும். நீளம் 40, அகலம் 30, உயரம் 30 செ.மீ. இருந்தால் தாராளம். பக்கங்களில் விரல் தடிமனில் பத்துத் துளை போடுங்கள், பறவையை வைப்பதற்கு முன்பே. அடியில் மடித்த துண்டு விரியுங்கள்; வெறும் அட்டையில் கால் வழுக்கும். ஒரு பெட்டிக்கு ஒரு பறவை. பூனை கொண்டுபோகும் கம்பிக்கூண்டு வேண்டாம், இறகு கம்பியில் மாட்டி ஒடியும். வாழைப்பழ அட்டைப்பெட்டியின் கைப்பிடி ஓட்டை பெரிது, அதன் வழியே தப்பித்து இரவில் வீட்டுக்குள் காணாமல் போகும்; டேப் ஒட்டி அடையுங்கள்.

தண்ணீரும் உணவும் கொடுக்கக் கூடாது. இதில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள். வந்த உயிருக்கு எதுவும் கொடுக்காமல் அனுப்ப மனம் வராது. குஞ்சு உடலில் கொழுப்பைச் சேமித்துக்கொண்டுதான் கிளம்புகிறது, ஓரிரவு பட்டினி அதை ஒன்றும் செய்யாது. அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிச் செத்துப்போகும். சோறு, பால், ரொட்டி எதுவும் அதன் உணவு இல்லை. குளிப்பாட்டவும் வேண்டாம்.

வானத்தில் தூக்கி எறிவதையும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். உள்காயம் இருந்தால் விழுந்து சாகும். காயம் இல்லாவிட்டாலும் அடுத்த தெரு விளக்குக்குப் போய் விழும். கடற்கரை மணலில் கொண்டுபோய் விடுவதும் அப்படித்தான், அலையும் தெருநாயும் இருக்கின்றன.

பெட்டியின் மேல் மூன்று விஷயம் எழுதுங்கள்: விழுந்த இடம், நேரம், அருகில் எரிந்த விளக்கு எது. இருட்டான, காற்றோட்டமான அறையில் வைத்து, இரவே முடியாவிட்டால் விடிந்ததும் ஒப்படையுங்கள். தீவில் பறவை ஆய்வுக்கும் மீட்புக்கும் 1997-இல் தொடங்கப்பட்ட சேயோர் என்ற சங்கம் இருக்கிறது. அதற்காகப் பறவைப் பெட்டிகளைப் பெற்று வைத்துக்கொள்ளும் இடங்கள் தீவு முழுக்க உண்டு. தீயணைப்பு நிலையங்கள் பலவும் அதில் சேர்த்தி. உங்கள் ஊரில் எது என்று ஏப்ரலுக்கு முன்பே கேட்டு, எண்ணைக் கோயில் அலுவலகச் சுவரில் ஒட்டிவையுங்கள். அங்கே எடை போட்டு, சிறகைச் சோதித்து, காலில் வளையமிட்டு, கடலோரத்தில் தக்க இடத்தில் விடுகிறார்கள். காலில் ஏற்கெனவே வளையம் இருந்தால் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், கழற்றாதீர்கள். இவை சட்டப் பாதுகாப்புள்ள பறவைகள், ஒப்படைக்கத்தான் அனுமதி, வளர்க்க இல்லை. செத்துக் கிடந்தால் வெறும் கையால் தொடாமல் தகவல் மட்டும் சொல்லுங்கள்.

ஓர் இடைக்குறிப்பு. பெரும்பாலும் வெள்ளையாக நீண்ட வாலோடு ஒரு பறவை விழுந்து கிடந்தால் அது பாய்-ஆன்-க்யூ என்ற கடற்பறவை. அதுவும் தரையிலிருந்து எழும்பாது, அதற்கும் அட்டைப்பெட்டிதான். ஆனால் அதன் அலகு ஓரம் ரம்பம் மாதிரி கிழிக்கும், தடித்த கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

இனி விளக்கு. வெளிச்சம் ஏன் இழுக்கிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. நிலவும் நட்சத்திரமும் பட்டு மின்னும் கடலை நோக்கிப் போகப் பழகிய கண், அதைவிடப் பிரகாசமான ஒன்றைக் கடலென்று நம்பிவிடுகிறது என்பது அவற்றில் ஒன்று. காரணம் எதுவானாலும் விளைவு கணக்கில் இருக்கிறது. 1996 முதல் 1999 வரை நான்கே வருடத்தில் இந்தத் தீவில் 2,300-க்கும் மேற்பட்ட கடற்பறவைகள் வெளிச்சத்தால் விழுந்து எடுக்கப்பட்டன; பத்தில் ஒன்பதுக்கு மேல் முதல்முறை பறந்தவை.

முழுநிலவில் விழுவது குறைவு, அமாவாசையை ஒட்டிய இரவுகளில் அதிகம். பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிக்கும் குழுவுக்கு இதைவிட வசதியான செய்தி கிடையாது. ஏப்ரலில் அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து இரவுகளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். வருடப்பிறப்பு அந்தப் பத்து நாளுக்குள் வரும் வருடம் உண்டு, வராத வருடமும் உண்டு. எல்லா வருடமும் ஒரே மாதிரி கட்டுப்பாடு தேவையில்லை என்று குழுவில் சொல்ல இது உங்களுக்கு உதவும். 2009 முதல் தீவில் நடக்கும் 'வெளிச்சமில்லா இரவுகள்' இயக்கமும் இந்த மாதத்தைக் குறிவைத்ததுதான்.

இளைஞர்களின் கேள்விக்கு வருகிறேன். அவர்கள் சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதியை மழுப்பக் கூடாது.

1665-இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்கள் குடியேறியபோது இது காடு மூடிய தீவு. கப்பலில் எலி வந்தது, எலிக்காகப் பூனை வந்தது. ஆமைகளும் பறவைகளும் கப்பல் உணவாயின. 1715 முதல் காப்பி. ஹைத்தியும் மொரீஷியஸும் பிரான்சின் கைவிட்டுப் போன பிறகு, 19-ஆம் நூற்றாண்டில் முழுமூச்சாகக் கரும்பு. கடலோரத் தாழ்நிலக் காடு ஏறக்குறைய முழுவதும் அந்தக் கரும்புக்குப் போனது. 1848 டிசம்பர் 20-இல் அடிமைமுறை ஒழிந்ததும், அந்த வயல்களுக்கு ஆள் வேண்டி புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் வழியாகவும், 1860 ஒப்பந்தத்துக்குப் பின் பிரிட்டிஷ் துறைமுகங்கள் வழியாகவும் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். வெட்டி முடித்த நிலத்தில் வேலை செய்ய வந்தவர்கள் அவர்கள். நிலமும் அவர்களுடையது இல்லை, எதை வெட்டுவது என்ற முடிவும் இல்லை.

இதில் கோயில்களுக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. ஆலைக்குத் தண்ணீர் வேண்டும், சர்க்கரை ஏற்றத் துறை வேண்டும். ஆகவே எஸ்டேட்டுகள் ஆற்று வாயையும் தாழ்ந்த சரிவையும் பிடித்துக்கொண்டன. கூலி லயங்கள் ஆலையை ஒட்டி, கோயில்கள் லயங்களை ஒட்டி. இந்தத் தீவின் பழைய தமிழ்க் கோயில்கள் பல இன்றும் அந்த எஸ்டேட் நிலத்தில்தான் நிற்கின்றன. மலையிலிருந்து இறங்கும் குஞ்சு கடலுக்குப் போக எடுக்கும் வழியும் அதே ஆற்றுப் பிளவுதான். சிலாவோஸ் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, சேன்தெத்தியேன் ஆறு கடல் சேரும் இடத்தில், அதாவது உங்கள் ஊருக்கும் சேன் பியேருக்கும் நடுவில், அவை வெளியேறுகின்றன. கோயில் அந்த வாசலில் நிற்பது நீங்கள் எடுத்த முடிவு இல்லை; துரை போட்ட வரைபடம்.

இன்னொரு செய்தியும் இளைஞர்களுக்குத் தெரிய வேண்டும். சிலாவோஸ் மலையில் எட்டாத உயரத்தில் ஒரு சிறு மேடு இருக்கிறது, தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்திருந்த இடம். அகழ்ந்து பார்த்தபோது அங்கே அவர்கள் தின்ற பெட்ரெல்களின் எலும்புகள் கிடைத்தன. அறிவியல் இந்தப் பறவைக்குப் பெயர் வைத்தது 1964-இல். கூட்டுத்தலங்கள் ஆய்வாளர் கண்ணில் பட்டது 1995-இல். அந்த வளைகள் எங்கே என்று இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களை வேட்டையாடியதோடு அந்த அறிவும் போயிற்று. இன்று பறவைப் பாதுகாப்பு என்றால் மேலிருந்து கீழே வரும் ஆணை என்று மக்கள் நினைப்பதற்கு இப்படி ஒரு பின்னணி உண்டு. 2007-இல் வந்த தேசியப் பூங்கா தீவின் நாற்பது சதவீதத்துக்கும் மேலான நிலத்தை மையப் பகுதியாக எடுத்துக்கொண்டது. பூங்கா தேவையானதே, ஆனால் எல்லையைக் கேட்டுக்கொண்டு போட்டார்களா என்று மலைக்குடிகள் கேட்பதும் நியாயமே.

மறுபாதி: பறவையை விழவைப்பது கரும்பு இல்லை, மின்விளக்கு. அது 1946-இல் தீவு பிரான்சின் மாவட்டமான பிறகு வேகமாகப் பெருகியது. சாலை, விளையாட்டு மைதானம், கடை, வீடு, கோயில் எல்லாவற்றிலும். ஆலையைக் கூட இதில் குற்றம் சொல்ல முடியாது, கரும்பு அரைப்பது ஜூலையிலிருந்து டிசம்பர் வரை. ஏப்ரலில் ஆலை ஓடுவதில்லை. துரைமார் வரைந்த ஊரில் நாம் ஏற்றிய விளக்கு, அவ்வளவுதான்.

குழு செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, பூஜைக்கு எந்தக் குறையும் இல்லாமல். கர்ப்பகிரக விளக்கையும் அகலையும் யாரும் கேட்கவில்லை. அவற்றால் பறவை விழுவதில்லை. பிரச்சினை மூன்று இடத்தில். முதலாவது, தரையிலிருந்து கோபுரத்தை நோக்கி மேலே அடிக்கும் ஃபோகஸ் லைட். அதன் வெளிச்சத்தில் ஒரு பகுதி கோபுரத்தைத் தாண்டி வானத்துக்குப் போகிறது. இதை ஏப்ரல் முழுவதும் கழற்றிவிடுங்கள். பாதிப்பு அதிகம், பயன் குறைவு. கோபுரம் தெரிய வேண்டுமென்றால் மேலிருந்து கீழே பார்க்கும்படி, மேல்பக்கம் தகர மூடி போட்ட சிறு விளக்கு இரண்டு போதும். இரண்டாவது, நிறம். நீலம் கலந்த வெள்ளை எல்இடி தான் மோசம். வாங்கும் பெட்டியின் மேல் வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண் இருக்கும்: 6,000 என்றால் வைத்துவிடுங்கள், 2,200 அருகில் உள்ள மஞ்சள்-ஆரஞ்சு வாங்குங்கள். பலவகை வெளிவிளக்குகளுக்கு 3,000-க்கு மேல் போகக் கூடாது என்று 2018 டிசம்பரில் வந்த பிரெஞ்சு விதியே சொல்கிறது, கடையில் மட்டும் 6,000 கிடைத்துக்கொண்டே இருக்கிறது. சீரியல் செட்டுக்கும் இதே அளவுகோல். அதைக் கோபுரத்தில் ஏற்றாமல் மண்டபத்துக்குள், கூரைக்கு அடியில் கட்டுங்கள்.

மூன்றாவது நேரம், இங்கே விதியே சறுக்குகிறது. கட்டட அலங்கார விளக்கை அதிகபட்சம் இரவு 1 மணிக்குள் அணைக்கச் சொல்கிறது. ஆனால் குஞ்சுகள் விழுவதில் பெரும்பங்கு பொழுது சாய்ந்த முதல் சில மணி நேரத்தில். ஒரு மணிக்கு அணைத்தால் சட்டம் திருப்தியாகும், பறவைக்கு லாபம் சொற்பம். ஆகவே டைமரைத் தலைகீழாக வையுங்கள்: இருட்டியதும் வெளிவிளக்கு அணைந்திருக்கட்டும், சாமி புறப்பாட்டை மாலை வெளிச்சத்திலேயே முடித்துவிடுங்கள். ஏப்ரலில் இங்கே ஆறு மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது, நான்கு மணிக்குப் புறப்பட்டால் சரியாக இருக்கும். வாணவேடிக்கையைப் பகல் மேளத்துக்கு மாற்றுவது குழுவின் விருப்பம். என் கருத்து, மாற்றலாம். வண்டி நிறுத்துமிடத்துக்கு ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார் விளக்கு, நான்கு மீட்டருக்கு மேல் உயராமல். முதியவர் படியேறும் இடத்தை மட்டும் இருட்டாக்காதீர்கள். ஒருவர் விழுந்தால் அடுத்த வருடம் யாரும் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தைப்பூசக் காவடி நேரத்து விளக்குகளை யாரும் கவனிப்பதில்லை. கருப்புப் பெட்ரெல் என்ற இன்னொரு பறவை, அழிவின் விளிம்பில் இருப்பது, அதன் கூடு முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே 2016-இல். அதன் குஞ்சுகள் கிளம்புவது ஆண்டின் தொடக்க மாதங்களில். அந்த நேரத்திலும் ஃபோகஸ் லைட் விதியைக் கடைப்பிடித்தால் நல்லது.

கோயில் மட்டும் அணைத்து, பக்கத்து மைதானம் எரிந்தால் குஞ்சு மைதானத்தில் விழும். நகராட்சிக்குப் பதில் எழுதும்போது இதைக் கேளுங்கள்: எங்கள் ஊரில் எந்தத் தெருவில் எத்தனை பறவை எடுக்கப்பட்டது என்ற வரைபடம் கொடுங்கள்; மைதான விளக்கும் சாலை விளக்கும் எந்தத் தேதியில் அணையும் என்று எழுதிக் கொடுங்கள்; அந்தத் தேதியைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் கோயில்களையும் மசூதியையும் விளையாட்டுக் கழகத்தையும் உட்கார வையுங்கள். பெட்டி சுமக்க மட்டும் மக்கள், முடிவெடுக்க வேறு ஆள் என்றால் பழைய எஸ்டேட் ஒழுங்கே பச்சை வண்ணத்தில் தொடர்கிறது. கையில் சொந்தக் கணக்கு இருந்தால் பேச்சுக்கு எடை கூடும். அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்: தேதி, நேரம், இடம், எந்த விளக்கு, திதி, பறவை உயிரோடா இல்லையா. மூன்று ஏப்ரல் எழுதினால் எந்த விளக்கு எத்தனை பறவையை இறக்குகிறது என்று நீங்களே நகராட்சிக்குச் சொல்லலாம்.

கடைசியாகப் பூனை. விளக்கை விட இது முக்கியம் என்பது என் கணிப்பு. விழும் குஞ்சை மீட்டுவிடலாம். மலையில் வளைக்குள் பூனை கொல்லும் தாய்ப்பறவையை மீட்க வழியில்லை. ஆண்டுக்கு ஒரே முட்டை, அதுவும் பல வயது ஆன பிறகே என்பதால், ஒரு தாய்ப்பறவை போனால் பல வருடக் குஞ்சுகள் போகின்றன. பாதயாத்திரை மாதிரி இளைஞர்கள் குழுவாகப் பிதோன் தெ நேஜ் ஏறுகிறார்கள். 2,480 மீட்டர் உயரத்தில் உள்ள தங்குமிடத்தைச் சுற்றி எறியும் சோற்றுப் பொட்டலமும் கோழி எலும்பும் எலியை வளர்க்கிறது, எலி பூனையைக் கொண்டுவருகிறது. மிச்சத்தை மூடிய டப்பாவில் கீழே கொண்டுவாருங்கள், பழத்தோல் உட்பட. வீட்டுப் பூனைக்குக் கருத்தடை செய்யுங்கள், வேண்டாத குட்டிகளை மேட்டுப் பகுதியில் கொண்டுபோய் விடும் பழக்கத்தை நிறுத்துங்கள். கோயில் அன்னதான மிச்சத்தைத் தெருப்பூனைக்குப் போடுபவர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும், அதட்டினால் வேலைக்கு ஆகாது.

இதையெல்லாம் மாசி மாதக் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். அட்டைப்பெட்டி பத்து, பழைய துண்டு பத்து, டைமர் ஒன்று, ஆரஞ்சு பல்பு தேவையான அளவு. செலவு ஃபோகஸ் லைட் வாடகையைத் தாண்டாது. எலெக்ட்ரீஷியனிடம் பங்குனி தொடங்கும்போதே தேதி வாங்கிக்கொள்ளுங்கள், வருடப்பிறப்புக்கு முந்தின வாரம் ஏணியோடு ஆள் கிடைப்பது கஷ்டம்.